முதலில் காணி, பிறகு சுவர்



போன மாதம் எங்கள் லயத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை என்னிடம் படித்த பிள்ளை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தான். "டீச்சர், இஸ்தோப்பை அடைச்சு ஒரு காம்பரா போடலாம்னு இருக்கோம். இருபது தகரமும் கொஞ்சம் பலகையும் இருந்தா போதும். சங்கத்தால ஏதும் செய்ய முடியுமா?" என்று கேட்டான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, தங்கச்சி, அவன், இப்போது புது மருமகள். ஏழு பேர். அவனுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பதில் நம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். இரண்டு சம்பளம் இருந்தும், மாமியார் வீட்டுக் காம்பராவில் நடுவே பலகை அடித்துத்தான் இன்றைக்கும் குடும்பம் நடத்துகிறோம். ஆறு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்தோம். லயத்தோடு ஒட்டியிருக்கும் எங்கள் மரக்கறித் தோட்டத்தில் ஒரு சிறு வீடு கட்டக் கடன் கேட்டுப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "காணி உறுதி இருக்கா?" என்பதுதான். என் சம்பளப் பத்திரத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

சரி, வெளியில் காணி வாங்குவோம் என்று பதுளை டவுனைச் சுற்றித் தேடினோம். ஒரு பேர்ச்சஸ் இரண்டரை இலட்சம் என்றார்கள். எட்டு பேர்ச்சஸ் வாங்க 20 இலட்சம். அதற்கே எடுக்கக்கூடிய கடனெல்லாம் முடிந்துவிடும், அத்திவாரம் போடக்கூடக் கையில் எதுவும் மிஞ்சாது. பிறகு ஒரு தரகர், பேர்ச்சஸ் ஒரு இலட்சம் என்று வேறு காணியைக் காட்டினார். சரிவான இடம், மேலே பெரிய மண்திட்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இருக்கிறதா என்று கேட்டோம். "அதெல்லாம் பிறகு எடுக்கலாம்" என்றார். பயந்து திரும்பி வந்துவிட்டோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை அடித்தபோது அந்தச் சரிவில் பாதி, பாதையையும் இழுத்துக்கொண்டு கீழே போனது.

எனக்கே இந்த நிலை என்றால், கொழுந்து எடுக்கும் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தின்படி நாட்சம்பளம் 1,550 ரூபா, வரவுக் கொடுப்பனவு 200 ரூபா, மொத்தம் 1,750. இந்திய உதவியில் மலையகத்தில் கட்டும் 550 சதுர அடி வீட்டுக்கு, முதலில் வீடொன்றுக்கு 10 இலட்சமளவில் கொடுத்தார்கள். சாமான் விலை ஏறியதால் அது 28 இலட்சமாக உயர்ந்தது. 28 இலட்சத்தை 1,750ஆல் வகுத்தால் 1,600 நாள். மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல், ஒரு பிடி அரிசி வாங்காமல், சேமலாப நிதி, சந்தா எதுவும் பிடிக்காமல் உழைக்க வேண்டும். எத்தனை தோட்டத்தில் 25 நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் நம் பிள்ளைகள் மலிவான வழிகளைத் தேடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எது உண்மையில் மலிவு என்று யோசிக்க வேண்டும்.

ஒன்று, என் மாணவன் கேட்ட தகரக் காம்பரா. இன்றைக்குச் செலவு குறைவுதான். ஆனால் அந்த இடம் அவனுடையது அல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது, பிறகு நீண்டகாலக் குத்தகையும் எழுதினார்கள். காணி அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியினது, உள்ளே நாலு தலைமுறையாக இருக்கும் நமக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு தோட்டத்தில் பிளொக்கல் வைத்துக் குசினி கட்டிய ஒரு மாமாவை, பாதிச் சுவரில் நிறுத்தச் சொன்னார்கள். அந்தச் சுவர் இன்றைக்கும் பாசி பிடித்து அப்படியே நிற்கிறது. பத்து வருடத்தில் மூன்று தடவை தகரம் மாற்றுகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தச் செலவையெல்லாம் கூட்டினால் மலிவு எங்கே?

இரண்டு, டவுனில் வாடகை அறை. பிள்ளைகளின் படிப்புக்கு வசதி. ஆனால் தோட்டத்தில் பேர் போய்விட்டால் காம்பராவும் போய்விடும் என்ற பயத்தில், வயதான அம்மா கூடையை இறக்காமல் மலை ஏறிக்கொண்டிருக்கிறார். மாதம் முடிந்தால் வாடகை போனதுதான், ஒரு செங்கல்லும் நமக்கு மிஞ்சாது.

மூன்று, வாரா வாரம் வசூலுக்கு வரும் நுண்கடனில் கட்டுவது. இதைப் பற்றி நம் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அடகுக் கடையில் இருக்கும் தோடுகள் சொல்லும்.

நான்கு, சரிவிலும் ஓடைக்கரையிலும் மலிவாகக் கிடைக்கும் காணி. இதற்கு விலை பணத்தில் இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 'போ' என்று சொன்னார்களே தவிர, போவதற்கு ஒரு காணியைக் காட்டவில்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு வருடம் முகாம் வாழ்க்கை வாழ்ந்த பிறகு, 2016இல்தான் 75 வீடுகள் கிடைத்தன. உயிர்கள் போவதற்கு முன்னாலேயே அந்த 75 துண்டுக் காணியை அளந்து கொடுத்திருக்கலாம் அல்லவா?

இந்த நாலு வழியிலும் குறைவது ஒரே பொருள்தான், நம் பெயரில் பாதுகாப்பான காணி. அது இருந்தால் ஏழையும் வீடு கட்டுவான். எங்கள் தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்தில் மேசன் வேலை செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவருக்கும் நாட்கூலிதான். முதலில் மண்சுவரில் ஓர் அறை, மேலே பழைய தகரம். இரண்டு வருடம் கழித்து அத்திவாரம். மிளகு விற்ற பணத்தில் ஒரு சுவர், மகள் வேலைக்குப் போனதும் ஜன்னல். பத்து வருடத்தில் முழு வீடாகிவிட்டது. அவருடைய தாத்தாவுக்கு, 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் காணி கிடைத்திருக்கிறது. நம் தாத்தாமாருக்கு 1948இல் பிரசாவுரிமையே இல்லாமல் போனது, காணி எங்கிருந்து வரும்? அவர் மீது எனக்குப் பொறாமை இல்லை. அதே கையால் அதே மண்ணில் உழைக்கும் நமக்கும் அந்த வாய்ப்பு வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் கருத்து இது. முழு வீடு கட்டித் தரும்வரை காணியைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். முதல் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். அறிவித்த வருடம் பிறந்த பிள்ளைகள் இன்று என் வகுப்பில் உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறார்கள். முன்பு கட்டிய 4,000ஐயும் சேர்த்தாலும் 14,000 வீடுகள். தோட்டக் குடும்பங்களோ இரண்டு இலட்சத்துக்கும் மேல். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு எந்தக் காலத்தில் வீடு வரும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்போதே பாதுகாப்பான காணியை அளந்து, உறுதியோடு கொடுக்கட்டும். பாதை, தண்ணீர், மலசலகூடம், கூரையோடு ஓர் அறை, இவ்வளவும் அரசாங்கமும் கம்பனியும் போட்டுத் தரட்டும். மீதியை நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்வோம்.

"டீச்சர் அரசாங்கத்தைத் தப்பிக்க விடுகிறார்" என்று சில தோழர்கள் கோபிப்பார்கள். நியாயமான கோபம். இருநூறு வருட உழைப்புக்கு முழு வீடே கடன் என்பதை நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுத் திட்டம் நடக்கட்டும், வேகமாக நடக்கட்டும். ஆனால் வீடு வரவில்லை என்பதைக் காரணம் காட்டி உறுதியை நிறுத்தி வைக்க இடம் கொடுக்காதீர்கள். "7 பேர்ச்சஸ் போதுமா, 20 கேட்க வேண்டும்" என்போரும் உண்டு. கேட்போம். ஒரு மரக்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் வைக்க 7 போதாதுதான். "காணியைக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்: கிராமத்தவருக்குக் கொடுக்கும்போது கேட்காத கேள்வியை எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? அசாமில் 2025 நவம்பரில், தேயிலைத் தோட்ட லைன் நிலங்களில் தொழிலாளருக்குக் காணியுரிமை கொடுக்கச் சட்டத்தையே திருத்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் தகரம் வாங்கிக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எல்லாச் சங்கத்திலும் உண்டு. தகரம் கேட்டு நானே எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். மழை ஒழுகும் வீட்டுக்குத் தகரம் வேண்டும்தான். ஆனால் தகரம் கேட்டு எழுதிய அத்தனை கடிதத்துக்கும் ஈடாகக் காணி கேட்டு நான் எழுதவில்லை.

இனி செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு டிவிஷனிலும் தலைவரும் மாதர் தலைவியும் சேர்ந்து லயம் லயமாகப் பட்டியல் எடுங்கள். ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம், எத்தனை பேர் என்று எழுதுங்கள். அதை விண்ணப்பமாக்கித் தோட்ட நிர்வாகத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி நம் வீடமைப்புக்காகவே அமைத்த புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கும் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள்.

காட்டும் இடத்துக்கு மண்சரிவு அறிக்கை கேளுங்கள். 2025 ஒக்டோபர் 12இல் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் கொடுத்தார்கள். எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும், அது காணிப் பதிவகத்தில் பதியக்கூடிய உறுதியா, உறுதி தருவதாகச் சொல்லும் கடிதமா என்று வாசித்துப் பாருங்கள். புரியாவிட்டால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். உறுதியில் புருஷன் பெயரோடு மனைவி பெயரும் இருக்க வேண்டும். கூடை சுமந்த முதுகுக்கு அந்தக் காணியில் சரிபாதி உண்டு.

உறுதி இருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். பத்து வருடம் சேமலாப நிதி கட்டி, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் உள்ளவர்கள், வேலையில் இருக்கும்போதே அதில் 30 வீதம் வரை வீட்டுக்காக எடுக்கலாம். நம் சொந்தப் பணம், வட்டி கிடையாது. ஆனால் வீடு கட்ட அதை எடுக்கப் போனாலும் காணிப் பத்திரம் கேட்பார்கள். வழி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

என் மாணவனுக்கு என்ன சொன்னேன்? "தம்பி, மழைக்கு முந்தி பத்துத் தகரம் போட்டுக்கோ, மருமகப் பொண்ணு நனையக் கூடாது. மிச்சக் காசைச் செலவழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை பட்டியல் எடுக்க நீயும் கூட வா" என்றேன். வருகிறேன் என்றிருக்கிறான். எங்கள் லயத்துப் பட்டியலில் முதல் பெயர்கள் அவனுடையதும் அவன் மனைவியுடையதும். அடுத்து எங்கள் பெயர்கள்.