கணக்கிலும் கூட்டுறவு வேண்டும்

அக்குறணைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்வோர்க்கு வானத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கம் ஒன்றுண்டு. மேலே மலையில் மழை பலத்தால் பிங்கா ஓயா பெருகும். பெருகினால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையை வெள்ளம் மூடும். மூடினால் மிளகும் கராம்பும் சாதிக்காயும் அரிசியும் அடுக்கிய கடைகளுக்குள் நீர் புகும். இஃது ஒரு முறை நேர்ந்த விபத்தன்று. பன்முறை நேர்ந்த துயரம். ஆற்றை நெருக்கிக் கட்டடம் எழுப்பியது மனிதர் குற்றமே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், “மலையில் இவ்வளவு மழை பெய்தால் கடைத்தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும்? எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்?” என்று ஒரு வியாபாரி கேட்டால், அவருக்கு விடை சொல்ல வேண்டாமா?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இந்நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் கண்டி மாவட்டத்தவர். மண்சரிவு இங்கே கூற்றுவனாய் வந்தது. இறந்தோர்க்காக அழுதோம், இருப்போர்க்கு அரிசியும் துணியும் கொடுத்தோம். அவை செய்ய வேண்டியவையே. ஆனால், அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டிய கணக்கை யார் செய்கிறார்கள்?

கணக்கு என்ற சொல்லை நாம் அணியாகக் கூறவில்லை. மலையின் சரிவு, மண்ணின் தன்மை, ஆற்றின் அகலம், மழையின் அளவு ஆகியவற்றைக் கணினியில் இட்டு வெள்ளத்தின் போக்கைக் கணிக்கலாம். ஆனால் ஒரு முறை கணித்தாற் போதாது. மழை சற்றுக் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, மண் முன்னரே ஈரமாக இருந்தால் என்ன என்று ஆயிரக்கணக்கான முறை கணிக்க வேண்டும். ஒரே கணினியிடம் விட்டால் அது மாதக்கணக்கில் உழைக்கும். ஆயினும் இக்கணக்குகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பவையல்ல. நூறு வயல்களை நூறு பேர் ஒரே நாளில் அறுவடை செய்வது போல, நூறு கணினிகள் பகிர்ந்து செய்யலாம். முடிவுகளை முன்கூட்டியே அட்டவணையாக்கி வைத்திருந்தால், மழை தொடங்கிய நேரத்தில் ஏட்டைப் புரட்டி எச்சரிக்கை கொடுக்கலாம்.

இவ்வாறு பல இடங்களில் உள்ள கணினிகளை ஒன்றிணைத்து, ஆராய்ச்சியாளர் அனைவருக்கும் பொதுவாக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘கிரிட்’ என்பர். நாம் கணினிக் கூட்டுவலை என்போம். மின்சார வலையிலிருந்து பிறந்த பெயர் அது. லக்சபானாவில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே வந்து எங்கோ ஒரு வீட்டில் விளக்கேற்றுகிறது. விளக்கைப் போடுகிறவர் இது எந்த நீர்வீழ்ச்சியின் மின்சாரம் என்று கேட்பதில்லை. கணிக்கும் ஆற்றலும் அவ்வாறே கிடைக்க வேண்டும் என்பதே இம்முறையைத் தொடக்கியவர்களின் எண்ணம்.

உலகம் செய்து காட்டியது

செனீவா நகருக்கருகிலுள்ள ‘சேர்ன்’ ஆராய்ச்சி நிலையத்தில் அணுவினும் நுண்ணிய துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். அங்கு சேரும் தரவுகளுக்கு அளவில்லை. 2017ஆம் ஆண்டிலேயே சேமிப்பு 20 கோடி கிகாபைட்டைத் தாண்டிவிட்டது. செல்வம் மிக்க ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்நிலையமே, “இதை நாம் தனித்துக் கணிக்க இயலாது” என்று ஒப்புக்கொண்டது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி நிலையங்கள் இன்று அவ்வேலையைப் பகிர்ந்து செய்கின்றன. மும்பாயும் கல்கத்தாவும் அவற்றில் உண்டு, இஸ்லாமாபாத்தும் உண்டு. 2012 யூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டதாக உலகுக்கு அறிவித்தபோது, அந்தப் பெருமையில் இந்தக் கூட்டுவலைக்கும் பங்குண்டென்று அந்நிலையத்தின் தலைவரே கூறினார்.

முன்பின் அறியாதவர் அனுப்பும் வேலையை வேற்று நாட்டுக் கணினி எப்படி ஏற்கிறது? நம் வணிகர் அறிந்த முறையே இது. முன்னாளில் ஓர் ஊர் வணிகர் எழுதிய உண்டியலை, அவரைக் கண்டறியாத வேற்றூர் வணிகர் மதித்துப் பணம் கொடுத்தார். எழுதியவரின் நாணயத்துக்கு ஒரு பெருங்குடி பொறுப்பு நின்றதே காரணம். கூட்டுவலையிலும் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் அடையாளப் பத்திரம் ஒன்று வழங்கப்படுகிறது. அதை வழங்கும் நிலையத்தை ஏனைய நாடுகள் நம்புகின்றன. அந்த நம்பிக்கையின் மேல் வேலை நடக்கிறது.

துகள் ஆராய்ச்சியால் வயலில் நிற்பவருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1934–35இல் இலங்கையைச் சூறையாடிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அந்நோயை ஒழித்த நாடென்று 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. பிற நாடுகளிலோ அது இன்றும் குழந்தைகளைக் கொல்கிறது. 2005ஆம் ஆண்டு ஐரோப்பியக் கூட்டுவலையொன்றில், 15 நாடுகளைச் சேர்ந்த 1,700 கணினிகள் மலேரியாவுக்கு மருந்தாகக்கூடிய பொருள்களைத் தேடின. ஒரே கணினி 80 ஆண்டுகள் உழைத்து முடிக்கவேண்டிய வேலையை அவை ஆறு வாரங்களில் முடித்தன. மருந்து உடனே கடைக்கு வந்துவிடவில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் எதைச் சோதிப்பது என்ற திசை தெரிந்தது.

நெல்லுக்கும் இது நடந்தது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், நெற்பயிரின் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் பெருவேலையைத் தொடங்கினர். உலகெங்கும் சாதாரண மக்கள் தம் வீட்டுக் கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தை அவ்வேலைக்கு இனாமாகக் கொடுத்தனர். ஒருநாள் வேலையை அயலவர்க்கு உதவும் நம் கிராமத்து வழக்கத்துக்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

நம் கையில் உள்ளது என்ன?

நாம் வெறுங்கையராக நிற்கவில்லை. அக்குறணையிலிருந்து பேராதனை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ளது. 1990ஆம் ஆண்டளவில், பேராசிரியர் அபய இந்துருவ போன்றோரின் முயற்சியால் நம் பல்கலைக்கழகங்கள் மின்னஞ்சலால் இணைந்தன. அம்முயற்சி வளர்ந்தே ‘லேர்ன்’ என்னும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பாயிற்று. அது பேராதனையை மையமாகக் கொண்டு இயங்குகிறது; ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் ஆராய்ச்சி வலையோடும் தொடர்புண்டு. 2020இல் கொள்ளைநோய் பல்கலைக்கழகங்களை மூடியபோது மாணவரின் படிப்பைத் தொடரச் செய்தது இவ்வலையே. பெருஞ்சாலை இருக்கிறது, அதில் ஓடும் வண்டிகளே போதவில்லை. சேர்ன் நிலையத்தோடு 2017இல் இலங்கை கூட்டுறவு ஒப்பந்தம் செய்தது. நல்லது. ஆனால் கைச்சாத்து கணக்கைப் போடாது. கணினியும் அதை நடத்தும் ஆளும் வேண்டும்.

“2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலரின்றித் தவித்த நாட்டுக்குக் கணினிக் கூட்டுவலை ஒரு கேடா?” என்று சிலர் கேட்பர். அந்தத் தவிப்பே எமது வாதத்துக்குச் சான்று. அந்நியக் கம்பெனிகளிடம் கணிக்கும் ஆற்றலை வாடகைக்கு வாங்கினால் மாதந்தோறும் டொலர் செல்லும்; டொலர் இல்லாத மாதத்தில் கணக்கும் நிற்கும். கூட்டுவலையில் நம் கணினி ஓய்ந்திருக்கும்போது பிறருக்கு உதவுகிறது. நமக்குத் தேவை பெருகும்போது பிறர் கணினி நமக்கு உதவுகிறது. செல்வர் தனிக் கிணறு வெட்டலாம். ஏழைகளுக்குப் பொதுக் குளமே கதி. குளம் கட்டி வாழ்ந்த நாட்டுக்கு இதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

ஆனால் குளத்துக்கு நீர் கொண்டு வராதவன் மடை திறக்கும் உரிமை கேட்க முடியாது. நாமும் கொடுக்க வேண்டும். நம்மிடம் கொடுக்கத்தக்கன உள்ளன. கன்னொறுவையில் 1988இல் நிறுவப்பட்ட மரபுவளக் களஞ்சியத்தில் நம் முன்னோர் பயிரிட்ட நெல்வகைகளின் வித்துகள் காக்கப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்கள் பல தலைமுறைகளாக மழையளவை எழுதிவந்த ஏடுகள் உள்ளன. அவை அலுமாரியில் பூச்சிக்கு இரையாகாமல், எண்களாகிப் பொதுவில் வரவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வித்தின் இரகசியத்தை அறிந்து பிறநாட்டுக் கம்பெனி உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டால், நம் விவசாயி தன் நெல்லையே விலைக்கு வாங்க நேரும். ஆகையால் கொடுப்பதும் சட்டத்தோடும் நிபந்தனையோடும் இருத்தல் வேண்டும். பங்காளியாவது வேறு, பறிகொடுப்பது வேறு.

முடிவு யாரைச் சேர்கிறது?

இனி, நாம் அழுத்திக் கூறவேண்டிய இறுதி விடயம். கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலென்ன, அதன் முடிவு மலைச்சரிவில் உறங்குகிறவரின் மொழியில் வராவிட்டால் அது பயனற்றது. டித்வாப் புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறையீடு பரவலாக எழுந்தது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியென்று கூறுகிறது. ஆட்சிமொழி என்பது பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு மட்டுமன்று. உயிர் காக்கும் செய்தி அதில் வரவேண்டும். அக்குறணையின் முஸ்லிம் வணிகரும், மாத்தளையின் விவசாயியும், தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளியும் தமிழ்பேசும் மக்களே. வெள்ளம் அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பவை சில. பேராதனையையும் யாழ்ப்பாணத்தையும் கிழக்கையும் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் தம் கணினிகளை ஒரே கூட்டுவலையாக்க அரசு பொருள் ஒதுக்குக. அதில் முதலிடம் மலைநாட்டின் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் கொடுக்குக. முடிவுகளை மும்மொழியிலும் ஒரே நேரத்தில் வெளியிடுக. பொறியியலாளரும் மருத்துவரும் ஆசிரியருமான நம் படித்தோர், தம் ஊர் மாணவருக்கு இத்துறையைக் கற்பிக்க வாரத்தில் ஒரு மாலையைக் கொடுக்க முன்வருக. விவசாயிகள் தம் தோட்டத்து மழையைத் தாமே அளந்து எழுதத் தொடங்குக. ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் அதற்குப் போதும்.

அடுத்த பருவமழை நம் மசோதாக்களுக்காகக் காத்திராது. மலையில் அது தொடங்குமுன் கடைத்தெருவில் கணக்கு வந்து சேரவேண்டும்.