வருஷம் ரூ.1,499 சந்தா: யாருக்கு லாபம்?

பழவேற்காடு ஏரிக்கரையில் இப்போது செல்போன் இல்லாத வீடு அரிது. சுண்ணாம்புக்குளம் பக்கத்திலும் பையன்கள் கேட்கிறார்கள்: "பிரைம் கட்டிடலாமாப்பா? டெலிவரி சும்மா வரும், சினிமாவும் பாக்கலாம்!"

கட்டலாமா? கணக்குப் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

ஏறிய கதை

அமேசான் பிரைம் இந்தியாவுக்கு வந்தது 2016-ல். அப்போது ஆண்டுச் சந்தா ரூ.499. அடுத்த வருஷமே ரூ.999. 2021 டிசம்பரில் ரூ.1,499. மாதச் சந்தா 2023 ஏப்ரலில் ரூ.179-லிருந்து ரூ.299 ஆனது. படத்துக்கு நடுவே விளம்பரம் வருவது 2025 ஜூனில் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்றால் அதற்குத் தனிக் காசு!

கணக்கு என்ன?

ஒரு பொட்டலத்துக்கு டெலிவரி கூலி ரூ.40 என்று வைத்துக்கொள்வோம். 1,499-ஐ ஈடுகட்ட வருஷத்துக்கு 38 பொட்டலம் வாங்க வேண்டும். அதாவது மாதம் மூன்றுக்கு மேல். ஏரியில் இறால் படாத மாதமும் இதில் சேர்த்தி!

"ஆரம்பாக்கம் போய் ரயில் பிடிச்சு, பாரிமுனைக்குப் போய்வந்தா ஒரு நாள் பொழப்பு போச்சே. போன்ல வாங்கினா மிச்சம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மிச்சம் போனில் வாங்குவதால் வருவது; சந்தா கட்டுவதால் அல்ல. சந்தா இல்லாதவர் வீட்டுக்கும் பொருள் வரும். நாலு சாமானைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டால் கூலியும் குறையும், சில சமயம் இல்லாமலே போகும்.

'நாளைக்கே வரும்' என்பதும் பின்கோடைப் பொறுத்தது. அண்ணா நகருக்கு வரும் வேகம் ஏரிக்கரைக்கும் வரும் என்று நம்பிப் பணம் கட்டக்கூடாது.

பாடு தெரிந்த ஊர்

பழவேற்காடு மீனவர்களுக்குப் 'பாடு' முறை புதிதல்ல. உரிமை உள்ளவர்கள் முறை வைத்து, தங்கள் நாளில் வலை கட்டுவார்கள். முறை வந்த அன்று வலையோடு போனால்தான் இறால். உரிமை மட்டும் இருந்தால் கூடை நிறையாது. சந்தாவும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு: காசு கட்டியாச்சே என்று தேவையில்லாததை வாங்கினால் நட்டம் இரண்டு மடங்கு!

தானாகப் போகும் பணம்

ஒரு முறை 'சரி' என்று அமுக்கினால், அடுத்த தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்த மெசேஜை யார் படிக்கிறார்கள்?

அமெரிக்காவில் இதே சந்தா மீது அரசு வழக்குப் போட்டது. கேட்காமல் சேர்த்தார்கள், விலகுவதைச் சிக்கலாக்கினார்கள் என்பது புகார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர அமேசான் சம்மதித்தது. இங்கேயும் 'சந்தா வலை' உள்பட 13 ஏமாற்று வித்தைகளை மத்திய நுகர்வோர் ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்தது. புகார் சொல்ல எண் 1915.

தீர்ப்பு

மாதம் நாலைந்து சில்லறைப் பொட்டலம் வாங்கும் வீடா? படமும் பார்க்கிறார்களா? தாராளமாகக் கட்டலாம். கடைக்காரர், குமாஸ்தா போல மாதம் ஒன்றிரண்டு வாங்குகிறவருக்கு வேண்டாம். தீபாவளி மாதம் நிறைய வாங்க வேண்டியிருந்தால், அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, அன்றைக்கே தானியங்கித் தவணையை நிறுத்திவிடலாம்.

அண்ணாச்சி கடையில் சந்தா கிடையாது. மீன் படாத வாரத்தில் கடன் கொடுப்பவரும் அவர்தான். அதையும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது!