கொடி மாறியிருந்தால்?

"அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே" என்று அங்கலாய்ப்பதால் என்ன பயன் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆனால், அந்தக் கேள்வியையே முதலாக வைத்து உலக இலக்கியத்தில் ஒரு தனி வகை வளர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்று அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டதாகப் பிலிப் கே. டிக் 1962இல் ஒரு புதினம் எழுதினார். இதை மாற்று வரலாற்றுப் புனைவு என்கிறோம். மலேசியத் தமிழிலும் இத்தகைய புனைவு வேண்டும். ஆனால், அது கொடிகளின் கதையாக நின்றுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

களம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. என் ஊரான சுங்கை பாக்காப் அடங்கிய செபராங் பிறையே போதும். சயாமின் தாக்குதலிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பித்தான் கெடா சுல்தான் 1786இல் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். பாதுகாப்பு வரவில்லை. 1791இல் அவர் தீவை மீட்க முயன்று தோற்றார். 1800இல் கோலமூடாவிலிருந்து கிரியான் வரையிலான கடலோரப் பட்டையும் கைமாறி, வெல்லெஸ்லி மாகாணம் ஆனது. 1821இல் சயாம் கெடாவைப் பிடித்தது. 1831இல் இந்த மாகாணத்தின் எல்லையை வரைய அமர்ந்தவர்கள் யார் தெரியுமா? ஆங்கிலேயரும் சயாமின் லிகோர் ஆளுநரும். நிலத்துக்குச் சொந்தக்காரரான சுல்தானுக்கு அங்கே நாற்காலி இல்லை!

இங்கே எத்தனை 'ஒருவேளை'கள்! கம்பெனி வாக்குக் கொடுத்துக் காத்திருந்தால்? 1791இல் சுல்தான் வென்றிருந்தால்? 1824 உடன்படிக்கையில் மலாக்கா நீரிணையின் இக்கரையும் டச்சுக்காரர்களுக்குப் போயிருந்தால்? எழுத்தாளனுக்கு இவை விருந்து.

ஆனால், இதே கேள்விகளைக் கரும்புத் தோட்டத்தில் கத்தி பிடித்தவரிடம் கேட்டுப் பாருங்கள். சுங்கை பாக்காப் நகருக்கு வித்திட்டவர் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ கரும்பு முதலாளி. சுற்றிலும் ஐரோப்பியர்களின் கரும்புத் தோட்டங்களும் எழுந்தன. அவற்றில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் நம்மவர்கள். வேறு கொடி பறந்திருந்தால் அவர்கள் ஏறியிருக்க மாட்டார்களா?

விடையைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை; நீரிணையின் அக்கரையிலேயே இருக்கிறது. டச்சுக் கொடியின் கீழ் இருந்த டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்குப் பினாங்கு வழியாகவே தமிழர்கள் போனார்கள். மாட்டுவண்டி ஓட்டினார்கள், சாலை போட்டார்கள். மேடான் நகரின் மாரியம்மன் கோயில் அதற்குச் சாட்சி. பிரெஞ்சுக் கொடியின் கீழ் ரீயூனியன் தீவில் கரும்பு வெட்டியவர்களும் தமிழர்களே. 1943இல் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தபோது கொடி மாறியது. தோட்ட லயங்களில் விடியல் வந்ததா? 1942 - 1943இல் பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதையில் மடிந்ததுதான் மிச்சம். ஆர். சண்முகம் அதைப் புதினமாக்கியிருக்கிறார்.

அப்படியானால் எதுவுமே மாறியிருக்காதா? மாறியிருக்கும். ரீயூனியனில் தீமிதி உண்டு; தமிழ் பேசும் வீடு அரிது. மேடானிலும் இளையோரிடம் தமிழ் அருகிவிட்டது. இங்கே நான் இக்கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன். பிரிட்டிஷ் கொடியின் கருணையா காரணம்? இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். கூலிகளை ஊரோடு தக்க வைக்கும் கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கில் பிறந்த ஓட்டைக் கொட்டகைகளைப் பள்ளிகளாகக் கட்டிக் காத்தவர்கள் ஆசிரியர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிய பெற்றோர்களும்தாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றோருக்கு அந்த ஆறாண்டின் மதிப்பு தெரியும். அதன் பிறகு வாரத்துக்குச் சில பாட வேளைகளே தமிழ் என்றாலும், போட்ட அடித்தளம் தாங்கியது.

ஆகவே, நம் மாற்று வரலாறு பீரங்கிகளிலிருந்து தொடங்க வேண்டாம். 1874 பங்கோர் உடன்படிக்கைக்கு முன், தெற்கே பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சி இல்லை. ஓர் ஒப்பந்தக் கூலி இரவோடு இரவாகக் கிரியான் ஆற்றைக் கடக்கிறான். அவன் ரேகை வைத்த தாள் அக்கரையில் செல்லாது. அவன் கதை எங்கே போகும்? 1923 சட்டத்தில் அந்தப் 'பத்துப் பேர்' இல்லாமற்போயிருந்தால், நம் பாட்டிமார் எந்த மொழியில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? இவற்றை எழுதுவோம்.

இன்னொரு 'ஒருவேளை'யும் உண்டு. நாடு விடுதலை பெற்ற 1957இல் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள். ஆனால், பட்டம் பெற்றுப் பெற்றோராகப் போகும் நாம் நம் பிள்ளைகளை எங்கே சேர்ப்போம் என்பதை எந்தப் பேரரசும் நமக்காக முடிவு செய்யப் போவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாணவன், "அவர்கள் மட்டும் அனுப்பியிருந்தால்..." என்று வேறு மொழியில் மாற்று வரலாறு எழுதும் நிலையை நாம் வைக்கலாகாது.