இருட்டில் உப்பு ஜாடி

இரவு நேரம். அடுப்பில் ரசம் கொதிக்கிறது. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. நீங்கள் கலங்குவதில்லை. கை தானாகப் போய் உப்பு ஜாடியை எடுத்துவிடுகிறது. ஆனால் அதே இருட்டில், வீட்டுக்கு வந்த விருந்தாளி உங்களுக்கு ஒத்தாசை செய்யப் புறப்பட்டால் எண்ணெய்த் தூக்கு கவிழ்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்! இத்தனைக்கும் அவர் நல்லவர்தான். எது எங்கே இருக்கிறதென்று தெரியாது, அவ்வளவுதான்.

கடல் விஷயத்தில் நாம் எல்லோருமே அந்த விருந்தாளிகள்தாம். 2030-க்குள் உலகத்துக் கடலடி முழுவதையும் படமாக்குவதென்று 2017-ல் ஒரு சர்வதேச முயற்சி தொடங்கிற்று. அப்போது ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தது நூற்றுக்கு 6 பங்குதான். 2025 ஜூனில் அது 27 பங்கைச் சற்றே தாண்டியிருந்தது. அதுவும் மேடு பள்ளக் கணக்கு மட்டுமே. அங்கே புல் வளர்கிறதா, பவளம் வளர்கிறதா, வெறும் சேறா என்பது வேறு கணக்கு.

இந்தக் கணக்கு தெரியாததால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். அங்கே 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பாறைகள், அலையைத் தடுக்கும் மதிலைப்போல. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் அவற்றைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். மதில் போயிற்று. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளும் நீருக்குள் போய்விட்டன. 2003 முதல் 2005 வரை தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் முழுகி முழுகி இப்பாறைகளைப் படமாக்கினார்கள். சுமார் 110 சதுர கிலோமீட்டரில் 32 அளவுக்குப் பாழாகியிருப்பது அப்போது தெரிந்தது.

படமாக்குவது எப்படி? அந்தக் காலத்து மாலுமிகள் ஈயக் குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். இப்போது கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறிபோல் விரித்து அனுப்புகிறார்கள். கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி திரும்பும் நேரம் ஆழத்தைச் சொல்லும். அதன் பலம், தரை பாறையா சேறா என்பதைச் சொல்லும். ஆழமில்லாத தெளிந்த நீரென்றால் செயற்கைக்கோளும் படம் பிடிக்கும். ஆனால் படத்தில் கறுப்பாகத் தெரிவது புல்லா, பாசியா? அதற்கு யாராவது முழுகிப் பார்த்தே தீரவேண்டும்.

பார்த்தால் பலன் உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும். புல் எங்கேயோ, பசு அங்கே. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று காப்பகமாக அறிவித்தார்கள். புல்வெளி இருக்குமிடம் தெரியாமல் இப்படி எல்லை வகுக்க முடியுமா?

ஆனால் சகோதரிகளே, எல்லைக்கோடு போடும்போது இன்னொன்றையும் நினைக்கவேண்டும். ராமநாதபுரம் கரையில் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் முழுகிப் பாசி எடுக்கிறார்கள். எந்தப் பாறையில் எந்தப் பாசி வளரும், எது தேய்ந்துவிட்டது என்பதெல்லாம் தாய் சொல்லி மகளுக்குத் தெரிந்த பாடம். 1986-ல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாயின. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கே போகக்கூடாதென்றால் அவர்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

கடலைக் காக்க வரைபடம் அவசியந்தான். கோடும் அவசியந்தான். ஆனால் கருவியோடு வருகிறவர்கள், இருட்டிலும் இடமறிந்த அந்தக் கைகளையும் கூட்டிக்கொண்டு வரையட்டும். விருந்தாளி எவ்வளவு படித்தவராயிருந்தால் என்ன? "உப்பு எங்கே அம்மா இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் குறைந்தா போய்விடுவார்?