நோயாளி யார்?

செயற்கை நுண்ணறிவுத் துறையில் அடியெடுத்து வைத்துள்ள இளம் ஆய்வாளர்கள் பலர் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் ஆளாகின்றனர் என்பதை இன்று அத்துறையின் மூத்தோரும் மறுப்பதில்லை. மறுக்காததோடு அறிவுரையும் வழங்குகின்றனர். மூச்சுப் பயிற்சி செய்க, நேரத்திற்கு உறங்குக, தோல்வியைத் தாங்கும் உரம் பெறுக என்கின்றனர். இவற்றுள் எதுவும் தீங்கன்று. துன்புறுகிறவர் மனநல ஆலோசகரை நாடத்தான் வேண்டும்; அந்த உதவியை நாம் ஒருபோதும் இகழோம். ஆயினும் இவ்வறிவுரைகள் அனைத்தும், நோய் இளைஞரிடம்தான் இருக்கிறது என்ற முடிவைச் சொல்லாமலே எடுத்துவிட்டு, அதன்மேல் நின்று பேசுகின்றன. அந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை.

இத்துறையில் ஒருவரின் தகுதி எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை முதலில் காண்போம். ஆண்டுதோறும் நடைபெறும் நியூரிப்ஸ், ஐசிஎம்எல், ஐசிஎல்ஆர் முதலிய சில மாநாடுகளில் கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வு மாணவருக்கு மதிப்பு. வேலையும் மேற்படிப்பு இடமும் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையைப் பார்த்தே கிடைக்கின்றன. நியூரிப்ஸுக்கு 2014இல் வந்த கட்டுரைகள் 1,678. 2025இல் 21,575, ஏற்கப்பட்டவை 5,290. பதினோரு ஆண்டுகளில் பதின்மூன்று மடங்கு பெருகிய இக்குவியலைப் படித்துத் தீர்ப்புக் கூற, அதே வேகத்தில் பழுத்த அறிஞர்கள் பிறந்துவிடவில்லை. மாணவர்களே மாணவர்களின் கட்டுரைகளை மதிப்பிடும் நிலை வந்துவிட்டது.

தீர்ப்பு எத்தகையது என்பதை அம்மாநாட்டினரே சோதித்துப் பார்த்தனர். 2014இல் அதன் பொறுப்பாளர்களாயிருந்த கொரின்னா கோர்ட்டஸும் நீல் லாரன்ஸும், வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களிடம் தனித்தனியே அளித்தனர். இரு குழுவும் தீர்ப்பளித்த 166 கட்டுரைகளுள் 43இல் தீர்ப்புகள் முரண்பட்டன. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு தள்ளியது! 2021இல் மீண்டும் செய்த சோதனையும் ஏறக்குறைய இதையே காட்டியது. அதே ஆண்டில் அவ்விருவரும் பழைய கணக்கைத் திரும்பப் புரட்டினர். ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அன்று கிடைத்த மதிப்பெண்ணுக்கும், பின்னாளில் பிறர் அவற்றை எடுத்தாண்ட அளவுக்கும் தொடர்பே காணப்படவில்லை. மிகவும் பழுதானவற்றைக் கழிப்பதில் இம்முறை ஓரளவு தேறுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இடைப்பட்ட பெருந்திரளுக்கோ அது சீட்டுக் குலுக்கலை ஒத்ததே.

குலுக்கலில் தோற்றவன் தன்னைத் தகுதியற்றவன் என்று எண்ணுவதில்லை. ஆனால் இந்தக் குலுக்கலுக்குத் தேர்வு என்று பெயரிட்டிருக்கிறோம். ஆகவே தோற்ற பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கிறது. கொடுமை இங்கேதான் இருக்கிறது. சொற்களை எண்வரிசைகளாக மாற்றும் வழியைக் காட்டிப் பின்னர் உலகப் புகழ் பெற்ற வேர்ட்-டு-வெக் கட்டுரையும் 2013இல் ஐசிஎல்ஆர் மாநாட்டில் தள்ளப்பட்டதுதான். அதை எழுதிய தோமாஷ் மிக்கலோவுக்கு அப்போது கூகுள் நிறுவனத்தில் பணி இருந்தது, தாங்கிக்கொண்டார். உதவித்தொகையும் அயல்நாட்டு விசாவும் நெறியாளரின் முகக்குறிப்பும் ஒருசேரத் தொங்கும் இரண்டாம் ஆண்டு மாணவி எதைப் பற்றிக்கொண்டு தாங்குவாள்?

காலக்கெடுவின் கதை வேறு. பூமியில் எங்கேனும் அந்த நாள் மிச்சமிருக்கும்வரை கட்டுரையை அனுப்பலாம் என்பது வழக்கம். கேட்பதற்குத் தாராளம்! நம் நாட்டுக் கணக்கில் மறுநாள் மாலை ஐந்தரை மணி. கிடைத்த அந்தச் சலுகை மேலும் ஓர் இரவு விழிப்பாகவே செலவாகிறது. ஒரு மாநாட்டின் கெடு முடிந்தால் சில மாதங்களில் அடுத்தது. இதற்கிடையே களமே காலடியில் நழுவுகிறது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது, மொழித்துறையில் ஆண்டுக்கணக்காக உழைத்த மாணவர் பலரின் ஆய்வுப் பொருள் ஒரே இரவில் பழையதாயிற்று. தமக்கு இனி என்ன மிஞ்சியிருக்கிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் 2023இல் கூடிப் பட்டியலிட்டு ஒரு கட்டுரையே எழுத நேர்ந்தது.

எக்காலத்திலும் ஆய்வு கடினம்தானே, இவர்களுக்கோ பின்னால் பெருஞ்சம்பளமும் காத்திருக்கிறதே என்பார் உளர். சம்பளம் காத்திருப்பது சிலருக்கு. பிறருக்கோ அந்தச் சிலரின் ஒளியே சுமையாகிறது. கடினம் வேறு, காரணமற்ற தண்டனை வேறு என்பதையும் இவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் எல்லாத் துறைகளையும் சேர்ந்த 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 32 விழுக்காட்டினர் மனநோய்க்கு ஆளாகும் நிலையில் இருப்பதாகக் கூறியது. நெறியாளர் நடத்தும் முறை, பணிச்சுமை, தம் வேலையின்மேல் தமக்குள்ள உரிமை, வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான இழுபறி ஆகியவற்றோடு அந்நிலை பிணைந்திருந்ததை அவ்வாய்வு கண்டது. மூச்சுப் பயிற்சியால் இவற்றுள் எது மாறும்?

மாற்று வழி இல்லாமல் இல்லை. டூரிங் விருது பெற்ற யோஷுவா பெஞ்ஜியோ 2020இலேயே, இந்த மாநாட்டு முறை அவசரத்தை வளர்க்கிறது, நிதானமான ஆய்வுக்கு வழி வேண்டும் என எழுதினார். 2022இல் தொடங்கிய டிஎம்எல்ஆர் என்னும் இதழுக்குக் காலக்கெடுவே கிடையாது. கூறியவற்றுக்குச் சான்று உண்டா, படிப்போருள் சிலருக்கேனும் அது பயன்படுமா என்பதையே அது கேட்கிறது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆள் எடுப்போர் இன்னும் பெரிய மாநாட்டில் எத்தனை என்றே வினவினால், எந்த மாணவர் அவ்வழியே நுழையத் துணிவார்?

ஆகவே நம் வழக்கு இளைஞரோடு அன்று, எண்ணிக்கை கேட்போரோடுதான். ஆராய்ச்சிக்கூடத் தலைவர்களும் தேர்வுக் குழுவினரும் விண்ணப்பத்தில் கட்டுரை எண்ணிக்கைக்குரிய இடத்தை நீக்கட்டும். தன் பணிகளுள் சிறந்ததென்று விண்ணப்பதாரர் கருதும் ஒன்றை மட்டும் கேட்டுப் பெற்று, முதல் வரி முதல் கடைசி வரி வரை தாமே படிக்கட்டும். முனைவர் பட்டத்திற்கு இத்தனை மாநாட்டுக் கட்டுரைகள் வேண்டும் என்று விதித்துள்ள துறைகள் அவ்விதியை வரும் கல்வியாண்டிலேயே எடுத்துவிடட்டும். மனநலச் சொற்பொழிவுகளை அதன் பிறகு நடத்தலாம்.