மைக்கைக் கழட்டின பிறகும் ஓடின ஆபீஸ்

ஹீரோ போயிட்டா என்ன, மத்தவங்க எல்லாரும் இருக்காங்களே, ஓட்டட்டுமே! அமெரிக்க 'தி ஆபீஸ்' பத்திப் பேச்சு வந்தாலே நம்ம மக்கள்ல பாதிப்பேர் சொல்றது இதைத்தான். எட்டாவது சீசனும் நல்லாத்தான் இருக்கு, நீ ஓவரா பேசாதேங்கறாங்க. ஓவராவே பேசறேன், கேளுங்க.

ஸ்க்ராண்டன்ங்கற ஊர்ல ஒரு பேப்பர் கம்பெனியோட கிளை. அதுக்கு மேனேஜர் மைக்கேல் ஸ்காட், அதாவது ஸ்டீவ் கேரல். 2005ல ஆரம்பிச்ச தொடர்லேர்ந்து அவர் விடைபெற்ற எபிசோட் 2011 ஏப்ரல் 28 அன்னிக்கு வந்துச்சு. ஏர்போர்ட்ல, வருஷக்கணக்கா சட்டையில மாட்டியிருந்த மைக்கைக் கழட்டிக் கேமராக்காரங்க கையில கொடுத்துட்டு நடந்து போறான் மனுஷன். பாம் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு என்னவோ பேசறா. நமக்கு ஒண்ணும் கேக்காது, ஏன்னா மைக் இல்லை. இதுக்கு மேல ஒரு தொடரை எப்படிய்யா முடிக்கறது? ஆனா முடிக்கலை. முழுசா இன்னும் ரெண்டு சீசன், 2013 மே வரைக்கும் இழுத்தாங்க.

"ஜிம், ட்வைட், பாம் எல்லாம் இருந்தாங்களே?" இருந்தாங்க சாமி. ஆனா சிரிப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிங்க. மைக்கேல் எல்லாரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு வச்சு அபத்தமா உளறுவான். ஸ்டான்லி குறுக்கெழுத்துலேர்ந்து தலையைத் தூக்க மாட்டார். ஆஸ்கர் நெளிவார். ஜிம் மெதுவா கேமரா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். நாம சிரிச்சது அந்தப் பார்வைக்குத்தான், ஆனா அதுக்குக் காரணம் மைக்கேல். நாதஸ்வரக்காரர் கிளம்பிப் போயிட்டா தவில்காரர் எவ்வளவு நேரம்தான் தனியா வாசிப்பார்?

அப்புறம் நடந்தது மியூசிக்கல் சேர். மைக்கேல் கிளம்பறதுக்கு முன்னாடியே வில் ஃபெர்ரலைக் கொண்டாந்தாங்க, நாலே எபிசோட்ல பாஸ்கெட்பால் கம்பம் மேல விழுந்து கோமாவுக்குப் போனார். ஜேம்ஸ் ஸ்பேடரை மேனேஜர் வேலைக்கு எடுத்தா, அவர் கம்பெனிக்கே தலைவராயிட்டார். ஆண்டியை உட்கார வச்சாங்க. அவன் ஃப்ளோரிடா போன கேப்ல நெல்லி வந்து குந்திக்கிட்டா. ஆண்டி கதை இன்னும் மோசம். எட்டாவது சீசன்ல மைக்கேல் மாதிரியே அசடு வழிஞ்சான், ஒன்பதாவதுல திடீர்னு கடுகடு ஆசாமியானான், நடுவுல படகேறி மூணு மாசம் காணாமப் போயிட்டான் (எட் ஹெல்ம்ஸுக்கு சினிமா ஷூட்டிங், வேற என்ன). ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதான், ஒத்துக்கறேன். அதுக்காகக் கரும்புன்னு சொல்லி விக்கலாமா?

'மாஷ்' தொடர்ல 1975ல ரெண்டு முக்கிய நடிகர்கள் விலகியும் நல்லா ஓடலையான்னு ஒரு அண்ணாச்சி மடக்கினார். ஓடுச்சு. ஆனா ஆலன் ஆல்டா கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தாரே அண்ணாச்சி!

'டூ அண்ட் எ ஹாஃப் மென்' இன்னொரு உதாரணம். 2011ல சார்லி ஷீனைத் தூக்கிட்டு ஆஷ்டன் குட்சரைப் போட்டாங்க. முதல் எபிசோடுக்கு 2 கோடியே 80 லட்சத்துக்கும் மேல கூட்டம். அது சார்லியோட சவ அடக்க எபிசோட், வந்தது எழவு வீட்டுக் கூட்டம். அடுத்த வாரமே பெருசா குறைஞ்சு போச்சு. தொடர் என்னமோ 2015 வரைக்கும் ஓடுச்சு, மறுக்கலை. ஓடறது வேற, சிரிக்க வைக்கறது வேற.

நான் மதிக்கற வாதம் ஒண்ணே ஒண்ணுதான். நிறுத்திட்டா லைட் பிடிக்கறவர், மேக்கப் போடறவர் பிழைப்பு என்னாகும்? நியாயமான கேள்வி. ஆனா 2020ல ஆண்டி கிரீன் எழுதின புத்தகத்துல, கேரல் இன்னும் இருக்கத் தயாரா இருந்தார், சேனல் பக்கம்தான் கண்டுக்கலைன்னு அங்க வேலை பார்த்தவங்களே சொல்றாங்க. அவரை நிறுத்தி வச்சிருந்தா எல்லார் பிழைப்பும் நடந்திருக்குமே? இல்லையா, புதுசா ஒண்ணு எடுங்க. அதே 'ஆபீஸ்'ல எழுதின கிரெக் டேனியல்ஸும் மைக்கேல் ஷூரும் 2009லயே 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்'னு தனிக்கடை போட்டு ஜெயிச்சாங்களே.

கடைசி எபிசோட் பிரமாதம்பீங்க. ட்வைட் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா மைக்கேல் வந்து நிப்பான், ரெண்டே வசனம். அதைப் பார்த்துக் கண்ணு கலங்கிடுச்சுன்னு சொன்ன அதே ஆளுங்கதான், அவர் இல்லாமலே நல்லாத்தான் இருந்துச்சுன்னு இப்ப எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. வாங்க, தாராளமா கும்முங்க. வரும்போது எட்டாவது சீசன்லேர்ந்து நீங்க ரெண்டாவது தடவை பார்த்த அஞ்சே அஞ்சு எபிசோட் பேரை மட்டும் எழுதி எடுத்துட்டு வாங்க :-)