கூப்பிடு தூரத்தில் ஒரு காடு



பூசா ரோட்டிலும் கரோல்பாகிலும் குடியிருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில், "விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று விசாரித்தால் மூன்று பதில்களே வரும். ஊருக்குப் போனோம், இந்தியா கேட் போனோம், எங்கும் போகவில்லை. மூன்றாவது பதில்தான் அதிகம். ஒற்றை அறை வீடு, வாரத்தில் ஆறு நாள் வேலை, வாடகை போக மீதியில் பள்ளிக் கட்டணம். இப்படிப்பட்ட குடும்பத்தாரிடம், காட்டைப் பார்க்க ரண்தம்போருக்குப் போங்கள் என்று சொல்வது பரிகாசம் செய்வதற்குச் சமம். ஆனால் கரோல்பாகுக்கும் ஜண்டேவாலானுக்கும் இடையில் மெட்ரோவில் போகும்போது தெரிகிறதே 108 அடி அனுமன் சிலை, அதன் பின்புறம் தொடங்கி தௌலா குவான் பக்கம் வரைக்கும் ஒரு காடு விரிந்து கிடக்கிறது. தினமும் அதன் ஓரமாகவே வேலைக்குப் போய் வருகிறவர்கள்கூட அதைக் காடு என்று எண்ணுவதில்லை.

தில்லிவாசிகள் அதை ரிட்ஜ் என்பார்கள். ராஜஸ்தான் வழியாக வருகிற ஆரவல்லி மலைத்தொடரின் வால் முனை அது. இமயமலையைவிட மிகப் பழமையான மலைத்தொடர். தேய்ந்து தேய்ந்து இங்கே வெறும் பாறை மேடாக நிற்கிறது. புதுதில்லியைக் கட்டத் தொடங்கிய காலத்தில் இதன் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 1994இல் தில்லி நகரின் ரிட்ஜ் முழுவதும், ஏறக்குறைய 7,777 ஹெக்டேர், காப்புக் காட்டுக்கான அறிவிக்கையில் சேர்க்கப்பட்டது. நம் பக்கத்தில் இருக்கிற மத்திய ரிட்ஜ் மட்டும் 864 ஹெக்டேர்.

சிலையருகே உள்ளே போகிற சாலை, பூலி பட்டியாரி மகால் என்கிற பழைய கட்டடத்தில் கொண்டுபோய் விடும். துக்ளக் மன்னர் காலத்து வேட்டை மாளிகை என்பார்கள். பேய் இருக்கிறது என்று கதை கட்டி நம் பிள்ளைகளையும் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். இதே காட்டிலுள்ள மால்ச்சா மகாலுக்கு 2023இல் தில்லி சுற்றுலாத் துறையே "பேய் நடை" நடத்தியது! பேயை நம்புகிறவர் நம்பட்டும். இருட்டிய பிறகு அங்கே போகக் கூடாது என்பதற்கு வேறு நியாயமான காரணங்கள் உண்டு; அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கே புலி இல்லை, யானை இல்லை. எதைப் பார்க்கலாம்? முதலில் அணிலைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். சென்ற ஆண்டு சில குடும்பங்களாகப் போயிருந்தபோது, நான்காம் வகுப்புப் படிக்கிற ஒரு மகன் என் கையைப் பிடித்து இழுத்து, "ஐயா, இந்த அணிலுக்கு முதுகிலே அஞ்சு கோடு இருக்கு, தாத்தா வீட்டிலே மூணுதான்" என்றான். அவன் எண்ணியது சரியே. தென்னாட்டு அணிலுக்கு மூன்று கோடுகள், வடநாட்டு அணிலுக்கு ஐந்து. இரண்டும் வெவ்வேறு இனங்கள். பத்து ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிற அவன் தகப்பனார் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தார். குரங்கும் அப்படியே. நம் ஊர்க் குரங்குக்கு நீண்ட வால், தலையில் குல்லாய் வைத்தாற்போன்ற மயிர். இங்குள்ள செம்முகக் குரங்குக்கு வால் குட்டை, பின்புறம் சிவப்பு.

மயில்களுக்குக் குறைவில்லை. ஆடி, ஆவணி மழையில் ஆண் மயில் தோகை விரிப்பதைப் பார்க்கலாம்; மழைக்காலம் முடியும்போது தோகை உதிர்ந்துவிடும். புதருக்கடியில் ஏழெட்டாய்க் கூடிக் கத்துகிறவை தவிட்டுக்குருவிகள். நீண்ட வாலோடு கிளை தாவுகிறது வால்காக்கை. வெட்ட வெளியில் ஆளைக் கண்டதும் கூச்சலிட்டு ஓடுகிறது ஆள்காட்டி. கீரி குறுக்கே ஓடும். நரியைப் பகலில் காண்பது அரிது. ஆனாலும் இந்தக் காட்டில் அது இருக்கிறது. குளிர்காலமானால் இமயப் பக்கத்திலிருந்து வாலாட்டிக் குருவிகள் இறங்கி வரும். இந்தப் பெயர்களையெல்லாம் தமிழிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலப் பெயரைப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்துவிடும். செம்போத்து என்கிற சொல்லை நாம் சொல்லாவிட்டால் இந்த ஊரில் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

இவையெல்லாவற்றிலும் என் மனதைக் கவர்ந்தது சாம்பல் இருவாச்சி. பெரிய வளைந்த அலகும், நீண்ட வாலும், தொய்ந்து தொய்ந்து பறக்கிற நடையுமாய் இருக்கும். கோடையின் தொடக்கத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொள்கிறது. உள்ளே அதன் இறக்கைச் சிறகுகள் உதிர்ந்து, பறக்க இயலாத நிலை வரும். முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வெளியே வருகிற வரையில், வாரக்கணக்கில், ஆண் பறவைதான் ஆலம்பழமும் அரசம்பழமும் தேடிக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். வெளியே போன ஆண் பறவைக்கு ஆபத்து நேர்ந்தால் உள்ளிருக்கும் குடும்பத்தின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பழைய பொந்து மரங்களை வெட்டுகிறவர்கள் இதை எண்ணுவதில்லை.

மரங்களில் உங்களுக்குப் பழக்கமான ஒன்று எங்கும் நிற்கும். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பார்த்தவுடனே, "இது நம்ம வேலிக்காத்தான் அல்லவா?" என்பார்கள். ஆம், சீமைக்கருவேலம்தான், இங்கே விலாயதி கீக்கர். அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆங்கிலேயர் காலத்தில், தரிசுப் பாறையைப் பசுமையாக்க இங்கே கொண்டுவரப்பட்டது. சொன்னதைச் செய்தது, அதோடு நிற்காமல் வெள்வேலம், இலந்தை, புரசு முதலிய உள்ளூர் மரங்களுக்கு இடமில்லாமல் செய்தது. தன் நிழலில் வேறொன்றை எளிதில் வளர விடாது. அதை மெல்லக் குறைத்து உள்ளூர் மரங்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இந்த மத்திய ரிட்ஜில் தொடங்கியிருக்கிறது. ஒரேயடியாக வெட்டினால் அதில் அடைகிற பறவைகள் எங்கே போகும் என்ற கேள்வியும் இருக்கிறது. அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

குரங்குகளைக் குறித்துக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். செவ்வாயும் சனியும் வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் கொண்டுவந்து கொட்டுகிற வழக்கம் இங்கே உண்டு. இரக்கத்தால் செய்கிறார்கள், பலன் கேடாக முடிகிறது. மனிதன் கையைப் பார்த்துப் பழகின குரங்கு, கை வெறுமையாய் இருந்தால் கடிக்கிறது. 2007இல் தில்லியின் துணை மேயர், வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டும்போது விழுந்து உயிரிழந்தார். அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் நகரத்துக் குரங்குகளைப் பிடித்து அசோலா பட்டி சரணாலயத்துக்குக் கொண்டுபோக உத்தரவிட்டது. ஆனாலும் கூட்டம் குறைந்தபாடில்லை. ஆகவே தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்கைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது; அது அதைச் சண்டைக்கு அழைப்பதாக எண்ணும். குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

தனியாகப் போகாதீர்கள், சகோதரிகள் விசேஷமாய். நான்கைந்து குடும்பங்களாக, காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். உள்ளே ஆள் நடமாட்டம் குறைவு. ஒற்றையடிப் பாதைகளில் வழி தவறும். மழைக்காலத்தில் பாம்பும் உண்டு. செருப்பை விட்டு மூடின காலணி போட்டுக்கொள்ளுங்கள். கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இதே ரிட்ஜிலுள்ள புத்த ஜயந்தி பூங்காவுக்குப் போகலாம். அங்கே நல்ல நடைபாதையும், உட்காரப் புல்தரையும் இருக்கின்றன.

தீபாவளிக்குப் பிற்பாடு புகை, மார்கழியில் மூடுபனி. மே மாதத்தில் பாறையே கொதிக்கும். பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் நல்ல நாட்கள். அப்போது இலந்தை பழுத்திருக்கும், புரசு சிவந்து பூத்திருக்கும். பள்ளித் தேர்வு நடக்கிற சமயமாயிற்றே என்று தாய்மார் கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஒன்பது மணிக்குள் பிள்ளை வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்துவிடலாம்.